பழைய கிட் விமானத்தைத் திருத்தி வடிவமைப்பது ஏன் இவ்வளவு கடினம்?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் விற்பனைக்கு வந்த அலுமினிய கிட் விமானம் ஒன்று, அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது. இருவர் அருகருகே உட்காரலாம். விற்ற நிறுவனம் இப்போது இல்லை. அதன் வரைபடங்களும், பாகங்களைப் பிடித்து வைத்துப் பொருத்தும் ஜிக்குகளும் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. காக்பிட்டை 10 செ.மீ. அகலமாக்க வேண்டும், 80 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு 100 குதிரைத்திறன் எஞ்சின் வைக்க வேண்டும், மொத்த எடையை 500 கிலோவிலிருந்து 600 கிலோவாக உயர்த்த வேண்டும், பிறகு அதை மறுபடி கிட்டாக விற்க வேண்டும் என்கிறீர்கள். "ஏற்கெனவே பறந்து நிரூபித்த விமானம்தானே, பாதி வேலை முடிந்த மாதிரிதானே?" என்று கேட்கிறீர்கள்.

செய்ய முடியும். ஆனால் பாதி வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். புது விமானம் ஒன்றை முதலிலிருந்து வரைவதற்கு ஆகும் உழைப்பு இதற்கும் ஆகும், சில இடங்களில் கூடுதலாகவே ஆகும். வரைபடம் "என்ன" என்று சொல்லும், "ஏன்" என்று சொல்லாது. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் மேல்பட்டை உடலிலிருந்து 1.8 மீட்டரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு மேல் வளைவு விசை குறைந்துவிட்டது என்பதால் அங்கே முடித்தாரா, அல்லது அந்தக் காலத்தில் பட்டை அந்த நீளத்தில்தான் கிடைத்ததா? முதல் காரணம் என்றால் எடையை ஏற்றியதும் அந்த முனைதான் முதலில் உடையும் இடம். இரண்டாவது என்றால் அங்கே கொஞ்சம் தாராளம் இருக்கலாம். தாளில் இரண்டும் ஒரே கோடுதான். கணக்குப் புத்தகம் உங்களிடம் இல்லை என்றால், விமானம் முழுவதற்கும் அந்தக் கணக்கை நீங்களே மறுபடி போட்டாக வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாமே அதில்தான் வந்து முட்டும்.

பழைய விமானம் 500 கிலோவில் 3.8 ஜி, அதாவது தன் எடையைப் போல 3.8 மடங்கு, தாங்கும்படி வடிவமைத்தது என்று கொள்வோம். இறக்கை தாங்கும் மொத்தம் 1900 கிலோ. அதே இறக்கையில் 600 கிலோ ஏற்றினால் எல்லை 3.17 ஜி-க்கு இறங்கிவிடும். உண்மை நிலை இதைவிட மோசம். இறக்கை தன் எடையைத் தானே தூக்கிக்கொள்கிறது, அந்த எடை வேர்ப்பகுதியை வளைப்பதில்லை. உடலும் ஆட்களும் எஞ்சினும்தான் வேரை வளைக்கின்றன. இறக்கை 80 கிலோ என்றால் மீதி 420 கிலோதான் பழைய வளைவுச் சுமை. நீங்கள் சேர்க்கும் 100 கிலோவும் உடலில்தான் போகிறது, ஆக 520. மொத்த எடை 20 சதவீதம் கூடியிருக்க, வேரில் வளைவு ஏறக்குறைய 24 சதவீதம் கூடிவிட்டது. எரிபொருளை இறக்கைக்கு மாற்றினால் இந்தப் பாரம் குறையும் என்பது சரிதான். ஆனால் டேங்க் நிரம்பியபோது ஒரு இறக்கை, காலியானபோது வேறு இறக்கை என்று இரண்டையும் நீங்கள் ஆராய வேண்டியிருக்கும்.

எந்த வேகத்துக்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தூக்க முடியாதோ அந்த ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 75 கி.மீ.யில் ஸ்டால் ஆனது 82-க்குப் போகும். ஏழு கி.மீ.தானே என்று தோன்றும். தரையைத் தொடும்போது இருக்கும் இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: எடை 1.2 மடங்கு, வேகத்தின் வர்க்கம் 1.2 மடங்கு, பெருக்கினால் 1.44. சக்கரம், பிரேக், லேண்டிங் கியர் கால், அந்தக் காலைப் பிடித்திருக்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் 44 சதவீதம் கூடுதல் வேலை. பழைய கிட்டுகளைப் பெரிதாக்கியவர்களிடம் முதலில் விரிசல் விடும் இடம் எது என்று கேட்டால், இறக்கையை விட லேண்டிங் கியர் பிடிமானத்தைத்தான் அதிகம் சொல்வார்கள்.

இதற்கு எல்லோரும் படித்தறிய வேண்டிய எடுத்துக்காட்டு ஜெனித் சிஎச் 601 வரிசை. 1980-களில் வந்த முதல் 601 எளிய, அடக்கமான விமானம். பிறகு அதே பெயரில் இறக்கையை மாற்றி, மொத்த எடையை 600 கிலோவுக்கு உயர்த்தி எக்ஸ்எல் வந்தது. அதில் பறக்கும்போதே இறக்கை முறிந்த விபத்துகள் தொடர்ந்தன, பலர் இறந்தார்கள். 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விமானங்களைத் தரையில் நிறுத்தும்படி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வைக் கேட்டுக்கொண்டது. வாரியம் எய்லரான் ஃபிளட்டரைச் சுட்டியது, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை கட்டுக்கடங்காமல் அதிர்வதை. எஃப்ஏஏ தனிக் குழு அமைத்து ஆராய்ந்து, இது ஒன்றுதான் காரணம் என்று ஒரு விரலை நீட்டவில்லை. வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட சுமைகள் அந்த எடைக்குப் போதாதவை, அழுத்தத்தில் தகடு நெளியும் பிரச்சினை, ஸ்டிக்கில் விசை மிக லேசாக இருப்பது, வேகமானி காட்டும் அளவில் பிழை, ஃபிளட்டர் என்று பலவற்றையும் சேர்த்துச் சொன்னது. கடைசியில் ஸ்பாரையும் நடுப்பகுதியையும் வலுப்படுத்தி, எய்லரானுக்கு எதிர் எடை சேர்த்து ஒரு திருத்தத் தொகுப்பு வந்தது. அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சமாளிக்கலாம் என்று தோன்றும். எல்லாம் ஒரே விமானத்தில், ஒரே நாளில் கூடியபோதுதான் இறக்கை போயிருக்க வேண்டும். நீங்கள் போக நினைக்கும் 600 கிலோ அதே 600 கிலோதான். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஃபிளட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றோட்டமும் இறக்கையின் நெகிழ்வும் எய்லரானின் நிறையும் ஒரு வேகத்தில் ஒன்றுக்கொன்று தூபம் போட ஆரம்பித்தால், விமானி கையை அசைப்பதற்குள் முடிந்துவிடும். பழைய விமானம் அதன் பழைய வேகத்தில் இதைப் பார்க்கவே இல்லை என்றால், அது வேக எல்லைக்குக் கீழே இருந்ததால்தான். கூடுதல் குதிரைத்திறன் உங்களை அந்த எல்லைக்கு அருகே கொண்டுபோகும். உயரமும் சேரும்: 3000 மீட்டரில் வேகமானி 200 காட்டும்போது காற்றுக்கு எதிரே உங்கள் உண்மை வேகம் சுமார் 232 கி.மீ. ஃபிளட்டருக்கு இந்த உண்மை வேகமும் கணக்கு.

ஒரு முறை பழைய எய்லரான் ஒன்றைப் புதிதாக வண்ணம் பூசிய பிறகு நாங்கள் மேசையில் வைத்துச் சோதித்தோம். இரண்டு கத்தி விளிம்புகள் மேல் கீல் கோட்டை உட்கார வைத்துக் கையை எடுத்தால், சரியாகச் சமன்செய்த எய்லரான் படுக்கையாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு லேசாகத் தாழ வேண்டும். இதுவோ பின்விளிம்பு கீழே விழுந்து மேசையில் தட்டியது. பழைய வண்ணத்தைச் சுரண்டாமல் மேலேயே இரண்டு பூச்சு அடித்திருந்தார்கள், பின்விளிம்பில் ஒரு பள்ளத்தைப் புட்டி வைத்து நிரப்பியிருந்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். வரைபடத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. வண்ணமே இவ்வளவு செய்யும் என்றால், எய்லரானை நீளமாக்குவது, டிரிம் டேப் என்ற சிறு சரிசெய் தகடு சேர்ப்பது, கேபிளுக்குப் பதில் புஷ்ராடு போடுவது இவையெல்லாம் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டுப்பாட்டுத் தளம் எதைத் தொட்டாலும் சமன் கணக்கை மறுபடி போடுங்கள், கேபிள் இறுக்கத்துக்கு ஓர் அளவு வைத்து அதைக் கையேட்டில் எழுதுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். 80-லிருந்து 100 என்பது 25 சதவீதம். வேகம் திறனின் கனமூலத்தோடுதான் ஏறும், ஆக கிடைப்பது 8 சதவீதத்துக்கும் குறைவு. ஏற்றத்தில் நல்ல பலன் உண்டு, அதை மறுக்கவில்லை. எடை கூடிய விமானத்துக்கு அது தேவையும்கூட. ஆனால் விலை என்ன? புது எஞ்சின், மவுண்ட், எக்ஸாஸ்ட், எஞ்சின் மூடியான கவ்லிங் எல்லாம் சேர்த்து 18 கிலோ கூடுகிறது, அது எடை மையத்துக்கு 1.4 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். மூக்கு தாழும். எல்லோரும் செய்வது போல 8 கிலோ பேட்டரியை, எஞ்சினையும் காக்பிட்டையும் பிரிக்கும் ஃபயர்வாலிலிருந்து எடுத்து இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோகிறீர்கள், 3.2 மீட்டர் நகர்கிறது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் முன்னால் 25.2, பின்னால் 25.6. தராசு சமன். காகிதத்தில் வேலை முடிந்துவிட்டது. விமானத்தில் முடியவில்லை. இரு முனையிலும் எடையைத் தள்ளி வைத்ததால் விமானம் சுழலத் தொடங்கினால் நிற்க மறுக்கும். ஸ்பின்னிலிருந்து வெளியே வரப் பழைய விமானத்துக்கு ஒன்றரைச் சுற்று போதும் என்று பழைய கையேடு சொன்னால், அந்த வரி உங்கள் விமானத்துக்குப் பொருந்தாது. போதாததற்கு, நீண்ட மூக்கும் பெரிய புரொப்பெல்லரும் எடை மையத்துக்கு முன்னால் இருந்துகொண்டு நிலைத்தன்மையைக் கொஞ்சம் தின்னும்.

காக்பிட்டை அகலமாக்குவதுதான் இருப்பதிலேயே சுலபமான மாற்றம் என்று நினைக்கிறீர்கள். நான் அதைத்தான் மிகவும் சிக்கலானது என்பேன். 10 செ.மீ. அகலம் என்றால் நடு ஸ்பார் 10 செ.மீ. நீளும், ஃபயர்வால் மாறும், உடலின் ஒவ்வொரு தடுப்புச் சட்டமும் மாறும், ஃபிளாப் குழாய், ஸ்டிக்குகளை இணைக்கும் தண்டு, எய்லரான் இணைப்புக் கோணங்கள், காக்பிட்டின் கண்ணாடி மூடியான கானபியின் அச்சு எல்லாம் மாறும். வாங்கிய ஜிக்குகளில் இறக்கை, வால் தவிர மற்றவை உதவாது. அகலமான உடல் வாலை நோக்கிக் குறுகும்போது, குறுக வேண்டிய கோணம் கூடும். அங்கே காற்று பிரிந்தால் வாலில் இருக்கும் ரட்டரும் எலிவேட்டரும் கலங்கிய காற்றில் வேலை செய்யும்.

வால் சின்னதாக இருப்பதைப் பழைய கிட்டுகளின் பொது நோய் என்றே சொல்லலாம். 1970-களில் வந்த கேஆர்-2 அழகான, வேகமான, மலிவான விமானம். வால் அருகிலேயே இருந்ததால் மேல்கீழ் அசைவில் மிகவும் துடிப்பு. வரைபடம் அனுமதித்த எடை மைய எல்லையின் பின் பகுதியை அனுபவமுள்ள கட்டுநர்கள் தொடுவதே இல்லை. பின்னால் வந்த கேஆர்-2எஸ் உடலைச் சுமார் 40 செ.மீ. நீட்டியது. நீட்டியதும் துடிப்பு அடங்கியது. உங்கள் விமானத்திலும் வால் பரப்பை வால் தூரத்தால் பெருக்கி, இறக்கைப் பரப்பையும் அதன் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணைப் பழைய விமானத்துக்கும் புதியதற்கும் அருகருகே எழுதி வையுங்கள். புதியது குறைவாக வந்தால் மேலே போகாதீர்கள்.

இறக்கை வடிவத்தை, அதாவது ஏர்ஃபாயிலை, மாற்றும் ஆசையும் வரும். கணினியில் பார்த்தால் புதியது எப்போதும் நன்றாகவே தெரியும். அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸியை நினைவில் வையுங்கள். அதற்கு முன்னோடியாக 1975-ல் பறந்த வேரிஈஸிக்கு எஞ்சின் பின்னால். கனமான எஞ்சின், ஸ்டார்ட்டர், அதிக எரிபொருள் எல்லாம் வேண்டும் என்று ஆட்கள் கேட்டபோது ரூட்டன் பழையதை ஒட்டுப்போட்டு நீட்டவில்லை. புது இறக்கையோடு 1979-ல் லாங்-ஈஸி என்ற வேறொரு விமானத்தையே கொண்டுவந்தார். அத்தனை திறமையுள்ளவரின் கையிலும், அதன் மூக்கருகே இருக்கும் சிறு இறக்கையான முன்இறகில் மழைத்துளி படிந்தால் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழும் வழக்கம் இருந்தது. ஜான் ரான்ஸ் வரைந்த புது ஏர்ஃபாயில் வந்த பிறகே அது தீர்ந்தது. வெயில் நாளில் எத்தனை மணி நேரம் சோதனை ஓட்டினாலும் இது தெரிந்திருக்காது. மழைத்துளி, பூச்சி, கட்டுநர் கையின் அலை, ரிவெட் தலை இவற்றோடும் நடந்துகொள்ளும் ஏர்ஃபாயில்தான் கிட்டுக்கு ஏற்றது.

பொருள்களில் ஒன்றிரண்டு மட்டும். பழைய வரைபடம் குறிப்பிடும் பிசின் இன்று கிடைக்காமல் போகலாம். ரூட்டன் விமானங்களைக் கட்டுபவர்கள் பயன்படுத்திய சேஃப்-டி-பாக்ஸி உடலுக்குக் கேடான ஒரு வேதிப்பொருளைக் கொண்டிருந்ததால் சந்தையிலிருந்தே போய்விட்டது. கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் போட்டால் "இன்னும் வலு" என்பார்கள். கார்பன் இழை கண்ணாடி இழையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விறைப்பானது சுமையைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும், அதன் முனையில் இருக்கும் பசை இணைப்பு அதற்குத் தயாராக இருக்காது. அலுமினியத்தைத் தொட்டால் அரிப்பும் வரும்.

தயாரிக்கும் முறையை மாற்றுவதும் வடிவமைப்பு மாற்றம்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிட் உலகில் மிகப் பெரிய பெயரான வான்ஸ் ஏர்கிராஃப்ட் சில பாகங்களின் ஓட்டைகளை பஞ்ச் அடிப்பதற்குப் பதில் லேசரில் வெட்ட வைத்தது. வரைபடம் அதே, உலோகம் அதே. ரிவெட் தலை உட்காருவதற்காக ஓட்டையைச் சுற்றிக் குழியாக அமுக்கும்போது லேசர் தொடங்கி முடித்த சிறு வடுவிலிருந்து விரிசல் கிளம்பியது. பாகங்களை மாற்றித் தரும் செலவும் வேறு பல சுமைகளும் சேர, 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது, பிறகு மீண்டது. பழைய கைவரைபடங்களை நீங்கள் கணினிக்கு ஏற்றி, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் முன்துளையிட்ட பாகங்கள் தரப் போகிறீர்கள், அது நல்ல முடிவு. ஆனால் பழைய கட்டுநர் ஒரு மி.மீ. பிசகை அங்கேயே தேய்த்துச் சரிசெய்துகொண்டார். முன்துளையிட்ட கிட்டில் அந்தப் பிசகை நீங்கள் நூறு பேருக்கு அனுப்புவீர்கள். வரைபட அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் பல இடங்களில் மொத்தம் பொருந்தாது. பழைய செய்திமடல்களில் வந்த திருத்தங்களைத் தேடி எடுங்கள், பாதித் திருத்தங்கள் வரைபடத்தில் ஏறியே இருக்காது.

கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஓர் இறக்கையை உடைத்தே ஆக வேண்டும். இறக்கையைத் தலைகீழாகச் சட்டத்தில் பூட்டி, கீழே ஜாக் முட்டுக் கொடுத்து, தூக்குவிசை பரவும் விதத்தில் மணல் மூட்டைகளை வேரிலிருந்து நுனி வரை அடுக்குவோம். பிறகு ஜாக்கை அங்குலம் அங்குலமாக இறக்குவோம். தகடு "டப்" என்று உள்வாங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும், ஸ்பாருக்கும் பின்பட்டைக்கும் இடையே சாய்வான சுருக்கங்கள் ஓடும். எல்லைச் சுமையில் நிறுத்தி, மூட்டைகளை இறக்கியதும் சுருக்கம் முழுதும் மறைய வேண்டும், நுனி பழைய உயரத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு ஒன்றரை மடங்கு ஏற்றி மூன்று வினாடி தாங்குகிறதா என்று பார்ப்போம். அந்த மூன்று வினாடியில் யாரும் பேச மாட்டார்கள். சோதித்த இறக்கை அதன் பிறகு பறக்கக் கூடாது. அந்த இறக்கைக்கான பணத்தை இன்றே தனியாக எடுத்து வையுங்கள்.

பறக்கும் சோதனையில் சட்டம் கேட்பது குறைவுதான். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்துக்கு முதல் கட்டமாக 25 அல்லது 40 மணி நேரம் என்பது வழக்கம். அந்த மணிநேரம் அந்த ஒரு விமானம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வடிவமே சரியா என்று பார்க்க அது போதாது. முழு எடையில், எடை மையத்தின் பின் எல்லையில், வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஸ்பின்னுக்கு மீட்புப் பாராசூட் பூட்டி என்று தொழில்முறைச் சோதனை விமானி வேண்டும். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சொந்த விமானத்தைச் சோதிப்பவர், கெட்ட செய்தியைத் தாமதமாகவே ஏற்றுக்கொள்கிறார்.

பெயரையும் மாற்றிவிடுங்கள். வான்ஸ் ஆர்வி-6-ஐ ஆழமாகத் திருத்தியபோது அதற்கு ஆர்வி-7 என்று புது எண் கொடுத்தது, 2001-ல். புதிய விமானத்தின் எடை எல்லையை யாரும் பழைய விமானத்தில் எழுதிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பழைய வடிவத்தில் ஏற்கெனவே கட்டிப் பறப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் உங்கள் 600 கிலோவைப் பார்த்துத் தங்கள் 500 கிலோவில் இன்னொரு பெட்டி ஏற்றக் கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று மாற்றங்களையும் ஒன்றாகத் தொட மாட்டேன். எடையை 540-இல் நிறுத்துவேன், எஞ்சின் மட்டும் மாற்றி, வாலை நீட்டுவேன். அகலத்தை அடுத்த வடிவத்துக்கு வைப்பேன். அதற்கும் முன்னால், கணினியைத் திறப்பதற்கு முன், பழைய வடிவத்தில் இன்றும் பறக்கும் ஒரு விமானத்தை உரிமையாளரின் அனுமதியோடு மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வைத்து நிறுத்திப் பாருங்கள். விளம்பரத் தாள் சொல்லும் காலி எடையைவிட 30, 40 கிலோ கூடுதலாக வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் கணக்கை அதிலிருந்து போடலாம், நானும் கூட இருந்து பார்க்கிறேன்.